கேட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா? காலையில் முதல் மணி அடித்ததும் அதன் கேட்டுக்கு எதிரே ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கேட்டில் யார் நிற்கிறார், அவர் கையில் என்ன இருக்கிறது, மூச்சிரைக்க ஓடி வருகிற பிள்ளையின் காதில் முதலில் விழும் வார்த்தை என்ன என்று கவனியுங்கள். உள்ளே கணக்குப் பாடம் எப்படி நடக்கும், தமிழ் எப்படி நடக்கும் என்பதெல்லாம் ஓரளவுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

நான் ஆசிரியை. குடியிருப்பது திண்டுக்கல் டவுனில். வேலை பார்த்த பள்ளிகள் எல்லாம் சமவெளிப் பக்கம்: ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர் வட்டாரக் கிராமங்கள். எல்லா இடத்துக்கும் பஸ்தான். ஒரு பள்ளியில் வேலை பார்த்தபோது நான் போகிற டவுன் பஸ்ஸில்தான் ஏழெட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். ரயில்வே கேட் போட்டிருந்தாலோ, பஸ் கிளம்பும்போதே தாமதமானாலோ, நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் தாமதமாவோம். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரே ரோட்டில் ஒன்றாக வேகவேகமாக நடப்போம். கேட் வந்ததும் எனக்குத் திட்டிவாசல் திறக்கும். நான் குனிந்து உள்ளே போவேன். எனக்குப் பின்னால் அது சாத்தப்படும். பிள்ளைகள் வெளியே வெயிலில் வரிசையாக நிற்பார்கள்.

ஒரே பஸ். ஒரே தாமதம்.

முதல் தடவை நான் திரும்பி நின்று கேட்டேன். கேட்டில் இருந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குச் சொந்தக் காசில் நோட்டு வாங்கித் தருகிறவர். "டீச்சர், நீங்க சொல்றீங்கன்னு இன்னிக்கு விட்டா, நாளைக்கு இன்னும் பத்துப் பேரு லேட்டா வருவான். ஒழுக்கம்னு ஒண்ணு வேணும்ல?" என்றார். அவர் பக்கம் பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்று வெளியே நின்ற ஒரு பெண் என் வகுப்புப் பிள்ளை. முதல் பீரியட் கணக்கு. மற்ற பாடங்களில் ஓரளவு சமாளித்துவிடுவாள்; கணக்கில் மட்டும்தான் தோற்றுக்கொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் முதல் பீரியடை வெளியிலேயே நின்று கழிக்கிற பிள்ளைக்குக் கணக்கு எப்படி வரும்?

எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நிலக்கோட்டை, ஆத்தூர்ப் பக்கம் பூத்தோட்டம் அதிகம். மல்லிகையை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் பூ மலர ஆரம்பித்துவிடும், மார்க்கெட்டில் விலை இறங்கிவிடும். அதனால் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்குவார்கள். மார்ச்சிலிருந்து ஜூன், ஜூலை வரை பூ கொட்டும். பறிக்கிற கூலி எடைக்குத்தான். வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை கையும் தோட்டத்துக்குப் போகும். ஏழு மணிக்குப் பூவை எடை போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடி, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சட்டை மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளையின் விரல் நுனியைப் பார்த்தால் தெரியும்: காம்பு கிள்ளிக் கிள்ளிப் பச்சைக் கறை ஏறியிருக்கும். "பூப் பறிச்சிட்டு வர்றதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு டீச்சர்" என்பார்கள். புதுக் கல்வியாண்டு தொடங்குவதும் ஜூனில்தான், பூ கொட்டுவதும் அப்போதுதான். வருஷத்தின் முதல் மாதமே கேட்டுக்கு வெளியே போகிறது.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள். மில் வண்டி விடியற்காலையில் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போய்விடும். எட்டாம் வகுப்புப் படிக்கிற அக்கா சோறு வடித்து, தம்பிக்குத் தலை சீவி, அவனைத் தொடக்கப் பள்ளியில் விட்டுவிட்டுத் தன் பள்ளிக்கு வருவாள். தம்பி சரியான நேரத்துக்குப் போய்விடுவான். அக்காதான் தாமதம். அந்த வீட்டில் ஒழுக்கத்தைக் கட்டிக் காப்பதே அந்தப் பெண்தான். ஒழுக்கம் கற்பிக்கிறோம் என்று அவளையே வெளியே நிறுத்துகிறோம்.

இதையெல்லாம் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசில் இருந்தது. எழுதத் தூண்டியது ஜப்பானிலிருந்து வந்த ஒரு போட்டோ.

என் சித்தப்பா மகன் நகோயா பக்கம் வேலை பார்க்கிறான். அவன் மகளை ஏப்ரலில் அங்கே தொடக்கப் பள்ளியில் சேர்த்தார்கள். அன்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தான். பெரிய தோல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளி வாசலில் பிள்ளை நிற்கிறாள். பக்கத்துத் தூணில் எழுத்து எழுதிய நீளமான வெள்ளைப் பலகை சாய்த்து வைத்திருக்கிறது. பின்னால் செர்ரி மரம் பூத்திருக்கிறது. "என்னடா, வகுப்புல உக்காந்திருக்கிற படம் இல்லையா?" என்று கேட்டேன். "அக்கா, இங்க இந்தப் படந்தான் முக்கியம். இந்தக் கேட்டு முன்னாடி நின்னு எடுக்கிறதுக்கு எல்லாரும் க்யூவுல நின்னோம். அந்தப் போர்டுல சேர்க்கை விழான்னு எழுதியிருக்கு. எல்லா வீட்டுலயும் இந்தப் படம் இருக்கும்" என்றான்.

பள்ளி வாயிலை அவர்கள் கோமோன் என்கிறார்கள். அங்கே ஏப்ரலில்தான் கல்வியாண்டு தொடங்குகிறது. செர்ரி பூப்பதும் அந்தச் சமயத்தில்தான். அதனால் பூத்த மரம், பள்ளி வாயில், புதுப் பை மூன்றும் அவர்கள் மனசில் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. படிப்பு முடிந்து போகிற மார்ச் மாதத்திலும் அதே வாயிலில், பட்டமளிப்பு விழா என்று எழுதிய பலகையோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகாமோன் என்று ஒரு சிவப்பு வாயில் இருக்கிறது. ஷோகுனின் மகள் கல்யாணமாகி வந்தபோது, அவளை வரவேற்க மாப்பிள்ளை வீட்டாரான மாயேதா பிரபுக்கள் 1827இல் கட்டியது. பல்கலைக்கழகம் பின்னால்தான் வந்தது. இன்று சிவப்பு வாயில் என்று சொன்னாலே அங்கே தோக்கியோ பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வரும்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய காலை வழக்கம். நிறையப் பள்ளிகளில் தலைமையாசிரியரே காலையில் கேட்டில் வந்து நிற்கிறார். வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் காலை வணக்கம் சொல்கிறார். மாணவர் மன்றத்துப் பிள்ளைகளும் வரிசையாக நின்று வணக்கம் சொல்வார்கள். இதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறார்கள். சில பள்ளிகளில் உள்ளே நுழையும்போதும் வெளியே போகும்போதும் பிள்ளைகள் வாயிலில் நின்று பள்ளியைப் பார்த்து ஒரு தடவை தலை வணங்குகிறார்கள். நாம் கோயில் வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவோமே, அதுபோல.

ஆனால் ஜப்பானை ஒரேயடியாகப் புகழ்ந்துவிட்டுப் போக முடியாது. பள்ளி வாயிலைப் பற்றி அந்த நாட்டில் யார் பேசினாலும் கடைசியில் ஒரு பெயரைச் சொல்லாமல் முடிக்க மாட்டார்கள்: கோபே தகாட்சுகா உயர்நிலைப் பள்ளி.

1990 ஜூலை 6, வெள்ளிக்கிழமை. ஹியோகோ மாகாண அரசுப் பள்ளி அது. காலை எட்டரைக்கு மணி அடித்ததும் கேட்டை மூடிவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு வருகிறவர்கள் தாமதமாக வந்தவர்கள்; தண்டனை உண்டு. கேட் சக்கரத்தின் மேல் ஓடுகிற இரும்புத் தள்ளுகேட். எடை சுமார் 230 கிலோ. அன்று கேட்டில் முறைப்பணியில் இருந்த ஆசிரியர் மணி அடித்ததும் அதை வேகமாகத் தள்ளினார். அந்த நேரத்தில் கடைசியாகச் சில பிள்ளைகள் உள்ளே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். 15 வயதுப் பெண் ஒருத்தி, முதலாம் ஆண்டு மாணவி, கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே சிக்கிக்கொண்டாள். தலை நசுங்கியது. அன்றைக்கே இறந்துபோனாள். அந்த ஆசிரியரை வேலையை விட்டு நீக்கினார்கள். 1993இல் நீதிமன்றம் அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தது.

நாடே கலங்கிப்போனது. முடியின் நீளம், பாவாடையின் நீளம், காலுறையின் நிறம் என்று பிள்ளைகளை அங்குலம் அங்குலமாகக் கட்டுப்படுத்துகிற பள்ளி நிர்வாக முறை அங்கே எண்பதுகளில் உச்சத்தில் இருந்தது. அந்த முறையின் மீது எழுந்த கேள்விகள் எல்லாம் இந்தச் சாவுக்குப் பிறகு ஒன்றுசேர்ந்தன. ஒரு நிமிஷத் தாமதத்தைத் தடுப்பதற்காக ஓர் இரும்பு கேட்டை முழு பலத்தோடு ஏன் தள்ள வேண்டும்? பிள்ளைகள் ஓடிவருவது கண்ணுக்குத் தெரியும்போது, ஒரு மூச்சு நேரம் பொறுப்பதில் பள்ளிக்கு என்ன நஷ்டம்?

அந்த ஆசிரியர் கொலைகாரர் இல்லை. விதிப்படி நடந்துகொண்டவர். அதுதான் என்னை உறுத்துகிறது. கேட்டில் ஒரு மனிதரை நிறுத்தி, உன் வேலை நேரத்தைக் காப்பது என்று மட்டும் சொல்லிவிட்டால், நாளடைவில் அவர் பார்வை கடிகாரத்திலேயே தங்கிவிடும். எதிரே ஓடிவருகிற முகம் தெரியாமல் போகும். கோபேயில் இருந்தது 230 கிலோ. நம் ஊர் கேட் அவ்வளவு கனமும் இல்லை, அத்தனை வேகமாக ஓடவும் ஓடாது. ஆனாலும் கீல் துருப்பிடித்த கேட் சரிந்து பிள்ளைகள் மேல் விழுந்த செய்திகளை நாமும் படித்திருக்கிறோம்.

அதே ஜப்பானில் இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. அதை நாம் படித்துக்கொள்ளலாம். ரயில் தாமதமானால் ரயில் நிறுவனமே ஒரு சின்னத் துண்டுச்சீட்டுத் தரும்: இந்தத் தேதியில் இந்த வண்டி இத்தனை நிமிஷம் தாமதம் என்று. அதைக் காட்டினால் பள்ளியில் தாமதமாகக் கணக்கிட மாட்டார்கள். பிள்ளை செய்யாத குற்றத்துக்குப் பிள்ளை பொறுப்பில்லை என்பதற்கு ஒரு சீட்டு.

தென்கொரியாவில் இதைவிட ஒரு படி மேலே போகிறார்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாளன்று தாமதமாகிற பிள்ளையைப் போலீஸ்காரரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தேர்வு மையத்து வாசலில் இறக்கிவிடுவார். கேட்புத் தேர்வு நடக்கிற நேரத்தில் விமானங்கள் ஏறவும் இறங்கவும் விடமாட்டார்கள். நம் ஊரில் நீட் தேர்வு நாளில் மதியம் ஒன்றரைக்குக் கேட் சாத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் நத்தத்திலிருந்தும் வந்து, வழிதவறி, ஓடிவந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையை வருஷா வருஷம் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து நமக்குப் பழகிப்போய்விட்டது. பழகக் கூடாத விஷயம் அது.

தாமதத்துக்குத் தண்டனை என்பது கேட்டோடு வந்த வழக்கம் இல்லை. கேட்டுக்கு முன்பே வந்துவிட்டது. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட் ஏது? யாராவது பெரிய வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி. சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அவை எப்படி நடக்கின்றன என்று கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டார். 1823இல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் எழுதிய அறிக்கை அவற்றில் விரிவானது. காலையில் முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்களாம், அது கௌரவம். இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும்.

யோசித்துப் பாருங்கள். முப்பது பையன்கள் படிக்கிற பள்ளியில் எல்லோரும் விடிவதற்குள் வந்துவிட்டாலும் முப்பதாவதாக வந்தவன் அடி வாங்கத்தான் வேண்டும். யாராவது ஒருவன் கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? அந்தக் கடைசிப் பையன் யார் வீட்டுப் பையனாக இருந்திருப்பான்? மாடு அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்தவனாக, தூரத்து வீட்டிலிருந்து நடந்து வந்தவனாக இருந்திருப்பான். இருநூறு வருஷத்துக்குப் பிறகும் அதே பிள்ளையைத்தான் நாம் வெளியே நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்த வரிசையில் நிற்கவே இடம் கிடைக்காத பிள்ளைகளும் இருந்தார்கள். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் கட்டடத்திலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தெருவில் நடக்கவே தீர்மானம் வேண்டியிருந்தது என்றால் பள்ளிக்கூட வாசல் எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும்! எங்கள் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று இருக்கின்றன. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்த காலத்தில், 1920ஐ ஒட்டி, அந்த மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. தாத்தா ரேகை வைத்த ஊரில் பேத்தி முதல் மதிப்பெண் வாங்குகிற பள்ளிகள் அவை. எத்தனையோ பேர் முட்டி மோதித் திறந்த கதவு இது. அதைக் காலை ஒன்பதே காலுக்குப் பூட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பூட்டு என்றதும் நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் கேட்டில் பழைய திண்டுக்கல் பூட்டு ஒன்று தொங்கும். கையால் செய்த இரும்புப் பூட்டு. உள்ளங்கை நிறைய இருக்கும், நல்ல கனம். மாங்காய் வடிவம், அதனால் மாங்காய்ப் பூட்டு என்பார்கள். உள்ளே லீவர்கள். லீவர் கூடக் கூடத் திறப்பது கஷ்டம். அதற்கென்று செய்த சாவியைத் தவிர வேறு சாவிக்கு அசைந்துகொடுக்காது. நாகல்நகரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு இந்தத் தொழில் நடந்த காலம் உண்டு. அலிகாரிலிருந்து மிஷினில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து இறங்கியதும் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பள்ளிக் கேட்டின் ஒரு கதவு கீலில் தொய்ந்து கீழே உரசும். திறந்து சாத்தித் திறந்து சாத்தி, சிமென்ட்டில் கால்வட்டமாக ஒரு பள்ளமே விழுந்திருந்தது. மழை பெய்தால் அந்த வளைவில் மட்டும் தண்ணீர் நிற்கும். சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்து உள்ளே வருவார்கள்.

கேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2001 ஜூன் 8ஆம் தேதி ஒசாக்கா அருகே இகேதா தொடக்கப் பள்ளியில் திறந்து கிடந்த வாயில் வழியாக ஒருவன் கத்தியோடு நுழைந்தான். எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். அதற்குப் பிறகுதான் ஜப்பானில் பள்ளி நேரத்தில் வாயிலைப் பூட்டி வைக்கும் பழக்கம் நாடு முழுக்கப் பரவியது. நம் பள்ளிகள் பல ஹைவே ஓரத்தில் இருக்கின்றன. கேட் திறந்து கிடந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடும். நாய்கள் வரும். கல்வி உரிமைச் சட்டமே பள்ளிக்குச் சுற்றுச்சுவரோ வேலியோ வேண்டும் என்கிறது. அதே சட்டம் தடையில்லாமல் உள்ளே வர வழி வேண்டும் என்றும் சொல்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் 94 பிள்ளைகள் தீயில் போனார்களே, அதற்குப் பிறகு பள்ளியில் வெளியேறும் வழி என்று யார் பேசினாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். ஆக, கேட் இருக்க வேண்டும். பூட்டும் இருக்க வேண்டும். சாவியோடு ஒரு மனுஷரும் அங்கே இருக்க வேண்டும்.

மனுஷர் என்றதும் சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. அரசுப் பள்ளி கேட்டுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி. கொடுக்காப்புளி, நெல்லிக்காய், உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய மாங்காய்க் கீற்று, பருவத்தில் நாவற்பழம். பள்ளி கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. அந்தக் கலர் கலர் பாக்கெட்டுகளுக்காக வந்தது; நெல்லிக்காய்ப் பாட்டிக்காக இல்லை. அந்த விதியைக் காட்டிப் பாட்டியை எழுப்பிவிட்டு, எதிர்க் கடையில் பாக்கெட் மாலை மாலையாகத் தொங்குவதைக் கண்டுகொள்ளாமல் விடுவது நியாயமில்லை. வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது ஒரு பாட்டிதான். "அந்தப் புள்ளைக்கு அம்மா இல்ல டீச்சர், பெரியம்மா வீட்டுல இருக்கு. காலைல ரெண்டு குடம் தண்ணி தூக்கி வச்சிட்டுத்தான் வரும்." வருகைப் பதிவேட்டிலும் செல்போன் ஆப்பிலும் இல்லாத தகவல் அது.

அடிக்கவில்லையே, வெளியேதானே நிறுத்தினோம் என்று சிலர் சொல்வார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை. மனத்தை வருத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. ஊரே பார்க்க, பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பையோடு ரோட்டோரத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்துவது வேறு என்ன? அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டால் யார் பொறுப்பு? வீட்டில் பள்ளியில் இருப்பதாக நினைப்பார்கள். பள்ளியில் வரவில்லை என்று எழுதியிருப்பார்கள். தனியார் பள்ளிகளில் ஃபீஸ் பாக்கிக்காகப் பிள்ளையைக் கேட்டிலேயே நிறுத்துகிறார்கள் என்று அழுத பெற்றோரையும் எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: கடன் பெரியவர்களுடையது, பிள்ளையை வெயிலில் நிறுத்தி வசூலிக்காதீர்கள்.

தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு எனக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பள்ளி மணி அடிக்கும் முன்பே சமையலறையில் உப்புமா வாசம். கேட் சீக்கிரமே திறக்கிறது. பிள்ளைகள் தாங்களாகவே ஓடி வருகிறார்கள். வரவேற்கிற பள்ளிக்குப் பிள்ளைகள் நேரத்துக்கு வருவார்கள் என்பதை என் கண்ணால் பார்க்கிறேன். ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்த வரவேற்பு நின்றுபோக வேண்டுமா?

இப்போது நான் இருக்கும் பள்ளியில் தலைமையாசிரியர் அம்மா காலையில் கேட்டுக்கு வந்துவிடுவார். கையில் குச்சி கிடையாது, ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும். எட்டே முக்காலிலிருந்து மணி அடித்துப் பத்து நிமிஷம் வரை அங்கேதான். வருகிற பிள்ளைக்கு வணக்கம். மணி அடித்ததும் பெரிய கதவைச் சாத்துவார். திட்டிவாசல் திறந்தே இருக்கும். தாமதமாக வருகிற பிள்ளை அதில் நுழைந்து நோட்டில் பெயரும் காரணமும் எழுதிவிட்டு நேரே வகுப்புக்குப் போய்விடலாம். விசாரணை எல்லாம் மதியம் சாப்பாட்டு நேரத்தில். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை உட்கார்ந்து படித்தோம். பாதிக்கு மேல் ஒரே வார்த்தை: பஸ். அதை நகலெடுத்து, பஸ் டெப்போ கிளை மேலாளரிடம் பெற்றோர்களோடு போய்க் கொடுத்தோம். ஒரு டிரிப்பின் நேரத்தைக் கால் மணி முன்னால் மாற்றித் தந்தார்கள். அடுத்த வாரமே நோட்டில் பெயர்கள் குறைந்தன. மிச்சம் இருந்த பெயர்களில் சோம்பேறித்தனம் என்று சொல்லும்படி இரண்டு மூன்று பேர்தான். அவர்களுக்கும் அம்மா தண்டனை தரவில்லை. காலையில் தன்னோடு கேட்டில் நின்று மற்றவர்களுக்கு வணக்கம் சொல்லும் வேலையைக் கொடுத்தார். வணக்கம் சொல்ல வேண்டியவன் முதலில் வந்துதானே ஆக வேண்டும்!

இதில் செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டும் ஒரு பேனாவும்தான்.

கடைசியாக, பழைய மாணவர்களுக்கு ஒன்று. நம் பக்கத்தில் படித்து முன்னேறிய பிள்ளைகள் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் முதலில் தோன்றுவது நுழைவாயில் வளைவுதான். இன்ன ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்கள் அன்பளிப்பு என்று கிரானைட்டில் பெயர் வெட்டி, பெயின்ட் அடித்து, விழா எடுக்கிறீர்கள். சந்தோஷம். பள்ளி வாசல் அழகாக இருக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குக் காசோலை எழுதும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை எங்கே நிற்கிறது? ரோட்டில் நிற்கிறது என்று பதில் வந்தால், வளைவு கொஞ்சம் காத்திருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போது பழைய மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். திட்டிவாசலைத் திறந்து வைக்கச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள். பஸ் நேரத்துக்கு மனு கொடுக்க வேண்டுமென்றால் முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள்.